வேப்பிலை கட்டிய வீடு

அம்மை இறங்கி, மூன்றாம் தண்ணீர் ஊற்றிப் பத்து நாளாகியும் கோகிலவாணியின் காலில் சிவப்புப் புள்ளிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. கிளினிக்கில் டாக்டர் சொன்னார்: “கிருமி போயிருச்சும்மா. அதை விரட்டுன உடம்புக் காவலுக்குத்தான் இப்ப ஆள் அடையாளம் தெரியல. உங்க ரத்தத்தையே வெளியாளுன்னு அடிக்குது.”

மத்தியான பஸ்ஸில் சிடாம் கிரியில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் கட்டிய வேப்பிலையைக் கழற்ற மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன் கீழே, ஏழு வருஷமாக அவள் கையால் சோறு தின்ற நாய் பல்லைக் காட்டி உறுமியது.

“டேய், நான்தான்லா.”

அது நகரவில்லை. அவள் தனியாக இருப்பவள். பூட்டிய சாவி கைப்பையில்தான் இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தது.

உள்ளேயிருந்து அவளுடைய குரலே கேட்டது: “யாரு அது? அம்மை போட்டிருக்கிற வீடு. வெளியாளு வரக்கூடாது.”

நாய் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போனது.