டிராக்கை நிறுத்து!

கண்ணிலிருந்து பைனாகுலரை எடுக்கவே இல்லை அந்த மனிதர். மேடையில் நின்ற பாடகியின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை; கழுத்தையே குறிவைத்திருந்தார். வலது கால் மட்டும் தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பாடகியின் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாத நிகழ்ச்சியில் தங்கை வெறுமனே வாயசைத்தாள், பாடியது டேப் என்று ஒரு பத்திரிகை எழுதிக் கிழித்திருந்தது. இன்னொரு தடவை அப்படி வந்தால் அவளை எவன் மேடை ஏற்றுவான்?

"எந்தப் பத்திரிகை சார் நீங்க?"

அவர் பைனாகுலரின் திருகைத்தான் திருகினார்.

"உங்களைத்தான்! ஒருத்தி இங்க கத்தறது காதுல விழலையா?"

"கத்தாதீங்கம்மா. ஏற்கெனவே தொண்டை கட்டியிருக்கு, இன்னும் கெடுத்துக்காதீங்க" என்றார், திரும்பாமலே.

கொழுப்பைப் பார் என்று பல்லைக் கடித்தாள் அக்கா. முதல் பாட்டுக்குக் கூச்சல் போட்டதில் கட்டிய தொண்டை அது.

இரண்டாவது பாட்டின் முடிவில் குரல் உச்சிக்குப் போய் நின்றது. அரங்கமே கைதட்டியது. அந்த மனிதர் மட்டும் அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தார். கால் ஆட்டமும் நின்றது.

"ஒரு நரம்பு புடைக்கல. மூச்சே இழுக்கல. டேப்தான்" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். உதட்டில் சிரிப்பு வேறு.

துணைக்கு அடியில், முன்பே பதிவு செய்த குரல் ஒரு டிராக்காக ஓடும் என்று அக்காவுக்கும் தெரியும். எல்லாப் பாடகர்களுக்கும் ஓடுவதுதான். அதற்காக, ஒரு வாரம் வெளியூர் ரெக்கார்டிங்கில் இருந்துவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் நேராக மேடை ஏறியவளைப் பார்த்து டேப் என்பதா?

"இருங்க, உங்க சிரிப்பை நிறுத்தறேன்" என்று விருட்டென எழுந்தாள்.

அரங்கின் பின்பக்கம் சவுண்ட்காரர் இருந்தார். மூன்றாவது பாட்டு தொடங்கிவிட்டது.

"டிராக்கை நிறுத்து!"

"ஐயோ அக்கா, அதைத் தொடவே கூடாதுன்னு தங்கச்சி..."

"அவளுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்." அவர் தடுப்பதற்குள் 'டிராக்' என்று சீட்டு ஒட்டியிருந்த குமிழைச் சரக்கென்று கீழே இழுத்துவிட்டாள்.

வாத்தியங்கள் மட்டும் கேட்டன. தங்கையின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. ஒரு விநாடி. இரண்டு விநாடி. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

தங்கை கூட்டத்தைப் பார்த்தாள். கண்ணை மூடினாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பாடினாள்.

கொஞ்சம் கரகரத்தாலும் அவள் குரலேதான். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அக்கா ஓட்டமும் நடையுமாக இருக்கைக்குத் திரும்பினாள்.

"இப்ப என்ன சொல்றீங்க? டிராக் இல்லாமலே பாடறா! நாளைக்குப் பத்திரிகையில இதையும் எழுதுங்க!"

அந்த மனிதர் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் கை அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கியது.

"பாடவே மாட்டேன், வாயை மட்டும்தான் அசைப்பேன்னு சத்தியம் பண்ணின பிறகுதாம்மா, ஆபரேஷன் பண்ணின தொண்டையோட அவங்களை என் ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பினேன்!"