ஒரு வார மாத்திரை

“எங்கே, திருப்பிச் சொல்லுங்க.”

“தைராய்டு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒண்ணா வாயில போட்டு, மேல ஒரு டம்ளர் பாலைக் குடிக்கணும்.”

“ஐயோ அம்மா! தைராய்டு மாத்திரை காலையில வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. கால்சியம் நாலு மணி நேரம் கழிச்சு. சேர்த்துப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல ஒட்டவே ஒட்டாது.”

“வயசாச்சில்ல, மறந்துபோகுதும்மா.”

போன வாரம் நடந்த இந்தப் பேச்சு, காலையிலிருந்து மருந்தாளரின் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. மருந்துக் கடையில் அது அவளுடைய வழக்கம். விளக்கிச் சொன்னதை வந்தவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பாள். அந்த அம்மா மட்டும் வாரா வாரம் தப்பாகவே சொன்னார். “சரியாச் சொல்ற வரைக்கும் ஒரு வார மாத்திரைதான்” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இன்று அவர் டாக்டரிடம் போகிற நாள். ரத்தப் பரிசோதனை சரியில்லை என்றால் டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார். கூட்டிய மாத்திரையை என்றைக்காவது சரியான முறையில் விழுங்கிவைத்தால்? அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே படபடக்கிற நெஞ்சு. தாங்குமா?

இருமல் மருந்து அடுக்கைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். வாசலை எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, அடுக்கு தேஞ்சிடப் போகுது,” என்றாள் பில் போடும் பெண். “பெத்த பொண்ணுகூட இப்படித் துடிக்க மாட்டா.”

“சேர்த்துப் போடுறதை டாக்டர்கிட்ட மறைக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்டி. அதையும் மறந்திருந்தா?”

“ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்.”

அவள் மறுபடியும் துணியைக் கையில் எடுத்தாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. அந்த அம்மாதான். வியர்த்து வழிந்த முகத்துடன் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“எல்லாம் சரியா இருக்காம். அதே அளவு போதுமாம்.”

“சரியாவா? சேர்த்துப் போட்டா சரியா வர வழியே இல்லையே! உண்மையைச் சொல்லுங்க, எப்படிப் போடறீங்க?”

அவர் கைப்பையைத் திறந்து மூடினார்.

“எந்திரிச்சதும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. கால்சியம் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்.”

மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பில் போடும் பெண் திறந்த வாயை மூட மறந்தாள்.

“அப்புறம் ஏன் எங்கிட்ட மட்டும் தப்புத் தப்பாச் சொன்னீங்க?”

“சரியாச் சொல்லிட்டா ஒரு மாச மாத்திரையைக் கொடுத்து அனுப்பிடுவியே! வாரா வாரம் உன்னை எப்படிப் பார்க்கிறது?”

சொல்லிவிட்டு வாசல்வரை போனார். கதவில் கை வைத்தவர் திரும்பி வந்தார்.

“உங்க கல்யாணத்துக்கு நான் வரல. என் வாசப்படியை மிதிக்காதேன்னு அவன்கிட்டச் சொன்னதும் நான்தான். இந்தக் கடையில நீ இருக்கேன்னு தெரிஞ்சுதான் வர ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் கேக்கணும்னு வருவேன், மாத்திரையை வாங்கிட்டுப் போயிடுவேன். என் பையனைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாம்மா.”

மருந்தாளர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

“முதல் நாளே தெரியும், அத்தை. உங்க போட்டோ எங்க ஹால்லதான் மாட்டியிருக்கு. நீங்க சரியாச் சொல்லியிருந்தாலும் நான் ஒரு வார மாத்திரைதான் கொடுத்திருப்பேன். எங்கே, கடைசியாச் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லுங்க.”