ஓட்டை விழாத சட்டை

உலகப் போரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் புதரோடு புதராக ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த சட்டைகளை ஒருவர் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் அறையில் பச்சையும் பழுப்புமாகத் தீட்டிய இரண்டு சட்டைகள் இருந்தன. ஒன்றின் நெஞ்சில் குண்டு துளைத்த ஓட்டை. அது கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. மற்றதில் ஒரு கீறல்கூட இல்லை. அது மேசைமேல் கிடந்தது, பக்கத்தில் கத்தரிக்கோல்.

"பெட்டியில இருக்கிறதோட தோள் நைஞ்சு போச்சு. இதை வெட்டி ஒட்டுப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அவர் நூல் எடுக்கப் போனார்.

மேசைக்கடியிலிருந்து ஒரு சுண்டெலி ஏறி வந்தது.

"நெஞ்சுல ஒரே ஒரு ஓட்டை போட்டு விடறேன். குண்டு பட்டதுன்னு நினைச்சு உன்னையும் பெட்டியில வைப்பார். சீக்கிரம் சொல்லு."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வேண்டாம்" என்றது சட்டை.

"வெட்டப் போறார்."

"அந்த இடத்துல ஓட்டை விழாம பாத்துக்கிறதுதான் என் வேலையே. என்னைப் போட்டிருந்த என் ஆள் முழுசா வீடு போய்ச் சேர்ந்தான்."

கதவு திறந்தது. எலி ஓடிவிட்டது. அவர் சட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து நெஞ்சுப் பக்கம் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார்.

சாயங்காலம் அதிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, பெட்டிக்குள் இருந்த சட்டையின் தோளில் தைக்கப்பட்டிருந்தது. அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனதும் ஓட்டைச் சட்டை அந்தத் துண்டிடம் மெதுவாகக் கேட்டது:

"உன் ஆள் வீட்டுக் கதவைத் தட்டினப்போ, யாரு வந்து திறந்தா?"