நாலு விரல் தண்ணீர்

கூடத்து ஜன்னலோரம், தட்டில் வைத்த பொத்தல் கல்லில், பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடிகளைப் பகலவன் வளர்த்துவந்தான். இன்னும் இரண்டு செடி கொண்டுவர வெள்ளிமலைக்குக் கிளம்பும்போது மனைவி இலக்கியாவிடம் சொன்னான்:

"போர் தண்ணி ஊத்துனா செத்துடும். டிரம்முல நாலு விரல் மழத்தண்ணி கீது. அது தீர்றதுக்குள்ள வந்துடுவேன்."

நாற்பது நாளாயிற்று. மலைக்குப் போய்வரும் ஜீப்புக்காரர்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லையாம். தினமும் ஒரு டம்ளர் மொண்டு தட்டில் ஊற்றினாள். கல் உறிஞ்சிக்கொண்டது. செடிகள் கொசு பிடித்துச் செழித்தன. ஒரு பொட்டு மழை இல்லை. டிரம்மில் அதே நாலு விரல்.

இன்று டிரம்மை வாசலுக்கு இழுத்துவந்து கவிழ்த்தாள். மண் அத்தனையையும் குடித்தது.

"தீந்துபோச்சு மாமா, வந்துடு மாமா!" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள்.

மலையிலிருந்து இறங்கிய கடைசி பஸ்ஸும் நிற்காமல் போனது. டிரம்மை நிமிர்த்தினாள்.

உள்ளே நாலு விரல் தண்ணீர் தளும்பியது.