முட்டுக்கொடுத்த மீன்

கண்ணாடித் தொட்டி ஒன்றில் சொர்ணம் என்கிற தங்கமீன் தீராத வியாதியில் கிடந்தது. "மீன் ஒருக்களித்துச் சாய்ந்துவிட்டால் இனித் தேறாது, கிராம்பு எண்ணெய் விட்டு நோகாமல் தூங்கவைத்துவிடுங்கள்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டுக்காரி தினமும் எண்ணெய்க் குப்பியோடு வந்து எட்டிப் பார்ப்பாள். அவள் நிழல் விழுந்ததுமே சொர்ணத்தின் புருஷன் மாசிலன் ஓடிவந்து அதற்கு முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிடும். சொர்ணம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து அவளும் போய்விடுவாள்.

"விட்டுடுங்களேன், வலி தாங்கலை" என்றது சொர்ணம்.

"நல்லாருக்கே. விட்டா நாலு பேர் என்னை என்ன பேசுவாங்க?"

அந்தத் தொட்டியில் பேசுவதற்கு இருந்தது ஒரு நத்தைதான். அதற்கோ பார்க்கச் சகிக்கவில்லை. மாசிலனைத் தள்ளிவிடத் தெம்புமில்லை.

ஒரு நாள் வீட்டுக்காரி குப்பியோடு புதுத் தீனியும் கொண்டுவந்து தூவினாள். வாசனை பிடித்ததும் மாசிலன் மேலே பாய்ந்தது. சொர்ணம் சாய்ந்தது. அவள் பார்த்துவிட்டாள். தனிக் கிண்ணத்தில் மாற்றி எண்ணெய் விட்டாள். சொர்ணம் அமைதியாகத் தூங்கிப்போனது.

"ஒரு வாய் சாப்பிடப் போன நேரத்துல இப்படி ஆயிடுச்சே" என்று மாசிலன் அழுதது.

"உங்களுக்கு இன்னும் முன்னாடியே பசிச்சிருக்கலாம், அண்ணே" என்றது நத்தை.