வாசலில் வரவேற்றவர்

நான்கு தலைமுறை வாழ்ந்த வீட்டை அவள் கல்யாண மண்டபமாக்கி மூன்று வருடங்கள் ஆகின்றன. "கண்டவங்களுக்கு வாடகைக்கு விடுறதுக்கா கட்டினாங்க?" என்று அப்பா கடைசிவரை முறுக்கிக்கொண்டே இருந்தார். அவர் இறந்த பிறகுதான் அவளுக்குத் துணிச்சல் வந்தது.

நேற்றைய கல்யாணம் முடிந்து கிளம்பும்போது, மணப்பெண்ணின் தகப்பனார் அவளிடம் வந்தார்.

"உங்கப்பாவுக்குத்தான்மா நன்றி சொல்லணும். சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கறதுகூடத் தெரியாம, காலையிலேர்ந்து வாசல்லயே நின்னு எல்லாரையும் வாங்க வாங்கன்னார். 'என் பொண்ணு நடத்துற மண்டபம், ஒரு குறையும் இருக்காது'ன்னு அவருக்கு அவ்வளவு பெருமை."

பொத்தானை மாற்றிப் போடுவது அப்பாவின் பழக்கம்தான்.

"என்கிட்ட ஒரு தடவைகூடச் சொன்னதில்லைங்க" என்றாள் அவள், தலை நிமிர்ந்து.

அடுத்த கல்யாணத்துக்கு வாசலோரம் ஒரு நாற்காலி போடச் சொன்னாள். அப்பாவுக்கு முழங்கால் வலி. ரொம்ப நேரம் நிற்க முடியாது.