சுரப்பு

செவலை மறுபடியும் காலைத் தூக்கியது. வாளி உருண்டு சாணியில் போய் நின்றது.

சிந்துவதற்கு அதில் ஒரு சொட்டுகூட இல்லை.

வீரம்மா அப்படியே குந்தியிருந்தாள். காலையிலிருந்து கொழுந்தெடுத்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. கொழுந்தை நிறுத்துவிட்டு, கூடையை இறக்கிய கையோடு தொழுவத்துக்கு வந்தவள். நோர்வூட் தேயிலை மலையில் சித்திரை மழை பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்து வாளியை எடுப்பதற்குக்கூட இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

அவளுக்கும் சரி, அவள் புருஷன் அழகுமுத்துவுக்கும் சரி, மாடு வளர்ப்பு புதிது. வேறொரு கை பழக்கி வைத்த மாடு அது. சினையாக நின்ற நிலையில் இருவர் தலையிலும் வந்து விழுந்தது.

ஆரம்பத்தில் அழகுமுத்து மழையில் நனைந்த இளம்புல்லை அள்ளிப் போட்டுவிட்டான். மாட்டுக்கு வயிறு ஊதிப்போனது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக அதன் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே அழுதார்கள்.

பிறகு புல்லை வாடவிட்டுப் போடக் கற்றுக்கொண்டான். சாணியைக் குழியில் மக்கவைத்து, லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் போஞ்சி விதை போட்டான். போஞ்சிக்கொடி மாட்டுக்கு, மாட்டுச் சாணி போஞ்சிக்கு என்று ஒவ்வொன்றாகக் கைக்குப் படிந்து வந்தது.

பால்தான் படியவில்லை.

கன்று முட்டினால் சுரக்கும். கன்றை இழுத்துக் கட்டிவிட்டு வீரம்மா கை வைத்ததும் அடக்கிக்கொள்ளும். வெந்நீரில் மடியைக் கழுவினாள். விளக்கெண்ணெய் தடவினாள். தவிடு வைத்தாள். கெஞ்சினாள். திட்டினாள். செவலை அசையவில்லை.

பக்கத்து வீட்டுக் காம்பராவில், ராக்காயியின் மடியில், வீரம்மா விட்டுவிட்டு வந்திருந்த குழந்தை அழுவது கேட்டது. கஞ்சித் தண்ணீரில் வளர்கிற பிள்ளை. இப்போதெல்லாம் அழுகைகூட இளைத்துவிட்டது.

ராக்காயி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கம்பளியப் போட்டுக்கிட்டுப் போய் உக்காரு புள்ள. மாடு மோந்துதான் ஆளப் பாக்கும்."

வீரம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேண்டாமென்று சொல்லவும் தெம்பில்லை.

வீட்டின் உள்சுவரில் ஆணியில் தொங்கியது அந்தக் கம்பளி. அதை யாரும் தொடுவதில்லை, துவைப்பதுமில்லை. எடுத்தபோது அடுப்புப் புகையும் கொழுந்துக் கறையும் பழைய மழையும் சேர்ந்து மணத்தன. தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தொழுவத்துக்குத் திரும்பினாள்.

செவலை கழுத்தை வளைத்து மோந்தது. விட்டுவிட்டு மறுபடியும் மோந்தது. கம்பளியின் ஓரத்தைச் சொரசொரப்பான நாக்கால் ஒருமுறை நக்கியது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, கால்களைத் தளர்த்தி நின்றது.

வீரம்மா அலசிய வாளியை மடிக்கடியில் வைத்துக் காம்பைப் பிடித்தாள்.

பால் சர்ரென்று வாளியில் இறங்கியது. இத்தனை நாளும் யாருக்காகவோ பிடித்து வைத்திருந்ததை மொத்தமாக விடுவதுபோல் இறங்கியது. சந்தோஷப்படலாம் என்று தோன்றியது. ஆனால் கண்தான் எரிந்தது.

அழகுமுத்து புல்லுக்கட்டோடு வந்தவன், தொழுவத்து வாசலில் நின்றுவிட்டான். மங்கலில் அவனுக்குக் கம்பளி போர்த்திய முதுகு மட்டும் தெரிந்தது. புல்லுக்கட்டு தலையிலிருந்து சரிந்து விழுந்தது.

"வடிவு…"

சண்முகவடிவு, வீரம்மாவின் அக்கா. ஐப்பசியில் இந்தப் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியவள். பிள்ளைக்கு ஒரு தாய் வேண்டுமென்று தையில் தங்கச்சி கழுத்தில் தாலி ஏற வைத்தார்கள்.

தாலி ஏறிய நாளிலிருந்து அவன் தன்னை இப்படிக் குழைந்து ஒருதரம் கூப்பிட்டதாக வீரம்மாவுக்கு நினைவில்லை.

திரும்பி, நான் வீரம்மா என்று சொல்லிவிட வாயெடுத்தாள். திரும்பினால் கம்பளி நழுவும். மாடு கண்டுகொள்ளும்.

"புல்ல அந்தப் பக்கமாப் போடுங்க மச்சான்" என்றாள், அக்கா பேசுகிற மாதிரியே மெல்ல.

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவள் கறப்பதை நிறுத்தவில்லை.